சித்தப்பா கடலுக்குப் போனால் எங்களுக்கென்ன?

போன கிழமை எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. பரிஸில் இருக்கிற சித்தப்பா, வாற ஆவணியில் சித்தியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தியெப் என்ற கடற்கரை நகரத்தில் ஐந்து நாள் நிற்கப் போகிறாராம். வாடகைக்கு ஒரு சின்ன வீடு பார்த்து லிங்க் போட்டு, "நல்லமா இருக்கோ?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

"கடல் பாக்கவும் காசு குடுக்கிறதோ? ஊரில இல்லாத கடலோ?" என்று மாமி தொடங்கினா. "அந்தக் காசுக்கு இங்க வீட்டு ஓட்டை மாத்தலாம்" என்றார் இன்னொருவர். அரை மணித்தியாலத்தில் சித்தப்பா லிங்கை அழித்துவிட்டு ஒரு கும்பிடு போட்டார்.

அந்தக் கும்பிடுதான் என்னை இதை எழுதவைக்கிறது.

தியெப் ஒன்றும் கோடீஸ்வரர்களின் இடமில்லை. நோர்மண்டிக் கரையில், பரிஸ்காரருக்கு மிகக் கிட்டவுள்ள கடல்களில் ஒன்று. சென்லசார் நிலையத்தில் ரயிலேறினால் இரண்டு, இரண்டரை மணித்தியாலம். மணல்கூடக் குறைவு, கூழாங்கல்தான். ஆவணியிலும் தண்ணி குளிரும். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, கரையோரம் நீளமான புல்வெளி, பிள்ளைகள் ஓடித்திரிய இடம். இருபத்திரண்டு வருசம் உணவகக் குசினியில் நின்ற மனிசன் கேட்டது இவ்வளவுதான்.

அந்த லீவும் யாரும் போட்ட பிச்சை இல்லை. 1936 மே, ஜூன் மாதங்களில் பிரான்சில் சுமார் இருபது இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தொழிற்சாலைகளுக்குள்ளேயே படுத்துறங்கினார்கள். லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு ஜூன் 20இல் சம்பளத்தோடு இரண்டு கிழமை விடுமுறையைச் சட்டமாக்கியது. துணை அமைச்சர் லெயோ லக்ராஞ்ச் ரயில் கட்டணத்தில் 40 வீதம் குறைத்த ரிக்கெட்டைக் கொண்டுவந்தார். அந்தக் கோடையில்தான் பலர் வாழ்க்கையில் முதல்தடவை கடலைக் கண்டார்கள். கரைகளில் ஏற்கெனவே குடைவிரித்திருந்த பணக்காரருக்கு அது பொறுக்கவில்லை. இவர்களுக்கு எதற்குக் கடல் என்று முகம் சுளித்தார்கள். பிறகு 1956இல் மூன்று கிழமை, 1969இல் நான்கு, 1982இல் ஐந்து.

இவர்களுக்கு எதற்குக் கடல்? எங்கட வட்ஸ்அப் குழு கேட்டதும் அதே கேள்விதான்.

பிரான்ஸ் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. பதிவில்லாமல் வேலை செய்கிற ஒருவருக்குச் சட்டத்திலிருக்கிற ஐந்து கிழமை கைக்கு வருவதே கஷ்டம். விடுமுறை கிடைக்காத பிள்ளைகளைச் செக்கூர் பொப்புலேர் என்ற தொண்டு அமைப்பு ஒவ்வொரு ஆவணியும் கடலுக்குக் கூட்டிப்போகிற நிலைமை இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் சித்தப்பாவிடம் பதிவும் இருக்கிறது, லீவும் இருக்கிறது. மாதம் இரண்டரை நாள் என்று சம்பளத் துண்டில் ஏறிக்கொண்டே போகிறது. அவருடைய லீவைப் பறித்தது முதலாளி இல்லை. நாங்கள்.

"உழைச்சு அனுப்பத்தானே போனவர்" என்பார்கள். ஓம், அனுப்பினார். என் கம்பஸ் செலவில் பாதி அவருடைய காசு. இந்த லப்டொப்பும் அவர் வாங்கித் தந்ததுதான். அதனால்தான் அன்றைக்குக் குழுவில் நான் வாய் திறக்கவில்லை. அவர் போகாவிட்டால் எனக்கும் ஏதோ மிஞ்சும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. வெட்கமாக இருக்கிறது. தொழிலாளர் வரலாறு பற்றிக் கட்டுரை எழுதிப் புள்ளி வாங்குகிறவன், சொந்த வீட்டுத் தொழிலாளியின் ஐந்து நாளுக்காக ஒரு வரி எழுதவில்லை.

வெளிநாட்டில் இருக்கிறவரை நாங்கள் மனிசராகப் பார்க்கிறோமா, ஏடிஎம் ஆகப் பார்க்கிறோமா? களைப்பு என்று அவர் சொன்னால் எங்களுக்கு விளங்காது. இந்த மாதம் கொஞ்சம் பிந்தும் என்றால் மட்டும் உடனே விளங்கும்.

சித்தப்பா, லிங்கைத் திரும்பப் போடுங்கோ. ரயில் ரிக்கெட்டை இப்பவே எடுத்தால் மலிவு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் குடும்பக் கொடுப்பனவு அலுவலகம் பல இடங்களில் விடுமுறை உதவி கொடுக்கிறது, அதையும் கேட்டுப்பாருங்கோ. அடுத்த மூன்று மாதம் எனக்கு அனுப்ப வேண்டாம். ரியூசன் கொடுத்துச் சமாளிப்பேன்.

வீட்டு ஓட்டை அடுத்த வருசமும் மாற்றலாம். தங்கச்சிக்கு ஒன்பது வயது இந்த வருசம் மட்டும்தான்.