15 வயசு ஆல்ட்டோ: விற்பதா, வைத்து ஓட்டுவதா?

"இன்னுமா இந்த வண்டியை வெச்சிருக்கீங்க?" கல்யாண மண்டப பார்க்கிங்கில் பழைய ஆல்ட்டோவை விட்டு இறங்குபவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. கேட்பவர் அநேகமாக அப்போதுதான் 7 வருஷ லோன் போட்டு ஒரு எஸ்.யு.வி. எடுத்திருப்பார்.

2008 முதல் 2011 வரை வாங்கிய சின்ன கார்களுக்கெல்லாம் ஆர்.சி.யின் 15 வருஷக் கெடு ஒன்றன்பின் ஒன்றாக முடிந்துவருகிறது. அப்பா ரிட்டயர்மென்ட்டுக்கு முன்னால் ஆசையாக வாங்கிய ஆல்ட்டோ, மாருதி 800, சான்ட்ரோ, வேகன்-ஆர். இப்போது சாவி மகன் கையிலோ மகள் கையிலோ இருக்கிறது. ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் சங்கடமாக இருக்கிறது. வைத்திருந்தால் எஃப்.சி., இ20 பெட்ரோல், ஸ்பேர் பார்ட்ஸ் என்று ஆளுக்கொரு பயம் காட்டுகிறார்கள்.

மைலேஜுக்காகவோ கௌரவத்துக்காகவோ இந்த வண்டியை மாற்றுவது, ஊருக்குள் அளவாக ஓட்டுபவர்களுக்கு வீண் செலவு. மாற்றுவதற்கு நியாயமான காரணம் வேறு. அது பாதுகாப்பு.

பெட்ரோல் கணக்கு

ஆபீசுக்கு மெட்ரோவிலோ பைக்கிலோ போகிறவர், காரை வார இறுதிக்கும் மழை நாளுக்கும் மட்டும் எடுத்தால் வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒழுங்காகப் பராமரித்த பழைய ஆல்ட்டோ லிட்டருக்கு 16 கொடுத்தால் சுமார் 312 லிட்டர் ஆகும். லிட்டர் ரூ.100 என்று போட்டாலும் வருஷத்துக்கு ரூ.31,000 சொச்சம். புதிய கார் 22 கொடுக்கிறது என்றே நம்புவோம். அப்போது 227 லிட்டர். மிச்சம் 85 லிட்டர், அதாவது ரூ.8,500.

5 லட்சம் ரூபாய் கடனை 9 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் ரூ.10,380. ஆக, ஒரு வருஷம் முழுக்க மிச்சப்படுத்திய பெட்ரோல் காசு ஒரு மாத இஎம்ஐக்குக்கூட வராது. தினமும் 60, 70 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கு மாறும். மற்றவர்களிடம் "மைலேஜ் மிச்சம்" என்று சொல்லி புதுக் காரை விற்பது வெறும் வியாபாரப் பேச்சு.

இந்தச் சின்ன கார்கள் பெட்ரோலைச் சிக்கனமாகக் குடிப்பதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. 796 சி.சி., மூன்று சிலிண்டர், 50 குதிரைத்திறனுக்கும் குறைவான என்ஜின், இன்றைய எஸ்.யு.வி.களோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த எடை. அவ்வளவுதான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்த வடிவத்தில்தான் நடுத்தரக் குடும்பங்களைக் காருக்குள் உட்கார வைத்தது. 2000-ல் வந்த ஆல்ட்டோ அதே வழியில் போனது. மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றபோது, 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இந்தியாவில் விற்றிருந்தன. புதுப்பேட்டையில் இன்றும் இதன் பாகங்கள் கிடைப்பதற்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு இந்த என்ஜினைப் பிரிப்பதற்கும் அந்த எண்ணிக்கைதான் காரணம்.

15 வருஷம் ஆனால் ஓட்டக்கூடாதா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தத் தகவல் டெல்லிக்கானது. 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டி, 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டி என்ற கட்டுப்பாடு டெல்லி தலைநகர வட்டாரத்துக்கு மட்டும் வந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அதன் பிறகும் அங்கே வழக்குகள் தொடர்கின்றன. தமிழ்நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இங்கே சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அதன்பின் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஆய்வில் தேறினால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். பேச்சுவழக்கில் "எஃப்.சி. காட்டுறது" என்பது இதைத்தான். காலாவதி தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்க முடியும். தாமதித்தால் மாதத்துக்கு ரூ.500 கூடுதல் கட்டணம் ஏறும். 2022 ஏப்ரலில் புதுப்பிப்புக் கட்டணம் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது ரூ.10,000 ஆக்கப்பட்டது. இதோடு மாநில அரசின் பசுமை வரியும் உண்டு. காசைக் காட்டி மக்களைப் பழைய வண்டியிலிருந்து இறக்கும் முயற்சி இது என்பது வெளிப்படை. ஆனாலும் ரூ.5,000-ஐ ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் ரூ.84 தான்.

பலர் சிக்கிக்கொள்வது கட்டணத்தில் இல்லை, பேப்பரில். கார் லோன் என்றைக்கோ முடிந்திருக்கும், ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருக்கும். அல்லது அப்பா காலமாகியிருப்பார், வண்டி இன்னும் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். உரிமையாளர் இறந்தால் 3 மாதத்துக்குள் வாரிசு பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்ட குடும்பங்கள், விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது அல்லாடுகின்றன.

இ20 பெட்ரோல் போட்டால் என்ஜின் போய்விடுமா?

போகாது. அதற்காக, "ஒன்றுமே ஆகாது" என்ற அரசுத் தரப்பு உற்சாகத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் இறங்கியே தீரும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை, பழைய நான்கு சக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்றது. 16 கொடுத்த வண்டி 15 கொடுக்கும்.

கவனிக்க வேண்டியது ரப்பரை. அந்தக் காலத்து ஃபியூயல் ஹோஸ், ஓ-ரிங், கேஸ்கட் எல்லாம் இவ்வளவு எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை இல்லை. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. ஹோஸ்களை ஒருமுறை புதிதாகப் போட்டுவிடுவது பெரிய செலவில்லை. வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் "ஏதோ லேசா வருது" என்று ஓட்டவே கூடாது. அது தீப்பிடிக்கும் சமாச்சாரம்.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் கால் டேங்க் பெட்ரோலோடு நிறுத்தி வைத்தால் டேங்க் துருப்பிடிக்கவும், ஒரு காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போகவும் வாய்ப்பு அதிகம். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுவது பேட்டரிக்கும் நல்லது.

காசை எங்கே போடுவது?

பழைய வண்டிக்காரர்கள் பலர் சீட் கவர், ஸ்டீரியோ, அலாய் வீல் என்று செலவழித்துவிட்டு டைமிங் பெல்ட்டை மறந்துவிடுகிறார்கள். 796 சி.சி. என்ஜினில் இருப்பது ரப்பர் பெல்ட் (ஆல்ட்டோ கே10-ல் செயின், அங்கே இந்தக் கவலை இல்லை). பெல்ட் அறுந்தால் எந்த முன்னறிவிப்பும் கிடையாது, என்ஜின் அந்த இடத்திலேயே நிற்கும். வண்டி கொஞ்சமாகத்தான் ஓடியிருக்கிறது என்பதும் சமாதானம் ஆகாது, ரப்பர் வயசாலும் வெடிக்கும். கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் உடனே மாற்றிவிடுவது உத்தமம்.

அடுத்தது ரேடியேட்டர். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றியே பழக்கிய வண்டிகள் ஏராளம். சென்னை உப்புத்தண்ணீர் உள்ளே போனால் ரேடியேட்டர் அடைத்து, டெம்பரேச்சர் முள் ஏறி, ஹெட் கேஸ்கட் போகும். சின்ன என்ஜின் சூட்டைத் தாங்காது. முள் ஏறுவதைப் பார்த்தும் "வீடு வந்துரும்" என்று ஓட்டிய அந்த 3 கிலோமீட்டர்தான் பல என்ஜின்களின் ஆயுளை முடித்திருக்கிறது. ஒரு கேன் கூலன்ட்டின் விலை என்ஜின் வேலைக்கான கூலிக்குப் பக்கத்தில்கூட வராது.

மைலேஜ் திடீரென்று 12-க்கு விழுந்தால் என்ஜினைப் பிரிக்கச் சொல்பவரிடமிருந்து வண்டியைத் திருப்பி எடுத்து வருவது நல்லது. முதலில் டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிறகு பிரேக் ஜாம். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்துப் பக்கம் மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது என்று அர்த்தம். மைலேஜையும் மீட்டரைப் பார்த்து ஊகிக்காமல், ஃபுல் டேங்க் போட்டு, ஓட்டி, மறுபடி ஃபுல் டேங்க் போட்டுக் கணக்கிட வேண்டும்.

டயர் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறுவது இன்னொன்று. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2416 என்றால் 2016-ம் ஆண்டின் 24-வது வாரத்தில் செய்தது. அத்தனை வயசான டயர் பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பிரேக் ஆயிலை 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுபவர்களை விரல்விட்டு எண்ணலாம். மிதித்ததும் நிற்க வேண்டிய பொருளில் என்ன சிக்கனமோ தெரியவில்லை.

கணக்கில் வராத ஒன்று

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிச் சோதித்தபோது, ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800 பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு ஸ்டார்கூட வாங்கவில்லை. அதன் உடற்கூடே தாங்கவில்லை. அதனால் ஏர்பேக் வைத்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது என்றார்கள். அதற்கு முந்தைய தலைமுறை ஆல்ட்டோவோ மாருதி 800-ஓ அதைவிட உறுதியானவை என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

எனவே எங்கே ஓட்டுவது என்பதில் கறாராக இருப்பது நல்லது. வேளச்சேரியிலிருந்து அடையாறுக்கு 30, 40 வேகத்தில் போய்வர இந்த வண்டி தாராளமாகப் போதும். பார்க்கிங்கும் சுலபம். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆம்னி பஸ்களுக்கு நடுவே 100-ல் திருச்சி போவதற்கு இது வண்டி இல்லை. அதற்கு ரயிலோ பஸ்ஸோ வாடகைக் காரோ இருக்கிறது. வருஷத்தில் நான்கு முறை நல்ல டாக்ஸி பிடித்தாலும் செலவு சில மாத இஎம்ஐக்குள் அடங்கிவிடும். மாதத்தில் இரண்டு முறை குடும்பத்தோடு ஊருக்குக் காரில்தான் போயாக வேண்டும் என்றால் அங்கே பெட்ரோல் கணக்கெல்லாம் பேசக் கூடாது, வண்டியை மாற்றிவிட வேண்டும்.

பின் சீட் பெல்ட் என்று ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது. சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும், தோண்டி எடுத்து மாட்ட வேண்டும்.

புகை விஷயத்திலும் பழைய வண்டிக்கு வக்காலத்து வாங்க முடியாது. சென்னையில் 2010 ஏப்ரலில்தான் பி.எஸ்.4 வந்தது. அதற்கு முந்தைய வண்டி கக்கும் நச்சு, இன்றைய பி.எஸ்.6 காரைவிட அதிகம். புதுக் காரைத் தயாரிப்பதிலேயே பல டன் கார்பன் வெளியாகிறது என்ற வாதம் சரிதான். ஆனால் அது வருஷத்துக்கு 4,000, 5,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குத்தான் பொருந்தும்.

எப்போது விடுவது?

என்ஜினைச் சரிசெய்யலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். அடிப்பாகம் துருவேறினால் முடிந்தது. மேட்டைத் தூக்கிப் பார்த்தால் தரை தெரிகிறது, சஸ்பென்ஷன் மாட்டும் இடத்தில் தகடு உதிர்கிறது என்றால், அதற்கு மேல் டிங்கரிங் செய்து பெயின்ட் அடிப்பது கண்துடைப்பு. கடற்கரை ஓரத்து வண்டிகளையும் 2015 வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளையும் லிஃப்டில் ஏற்றி அடியில் பார்த்துவிட்டுத்தான் ஆர்.சி. புதுப்பிக்கப் பணம் கட்ட வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் சான்றிதழ் தருவார்கள். புது வண்டி வாங்கும்போது வாகன வரியில் சலுகைக்கு அது உதவும். வேறு யாருக்காவது விற்றால், "ஓட்டிப் பாத்துட்டு பேர் மாத்திக்கறேன்" என்பவரிடம் சாவியைக் கொடுக்கக் கூடாது. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் இழப்பீட்டு நோட்டீஸ் அப்பாவின் பழைய முகவரிக்குத்தான் வரும். பெயர் மாறிவிட்டதா என்பதைப் பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகும்.