ஊர்ச் சபைகளைக் கண்டு அஞ்சும் புகையிலைக் கம்பனிகள்

விக்டர் குறோஃபோர்ட் என்ற பெயர் நம்மவர்களுக்கு அறிமுகமானதன்று. அமெரிக்காவின் மேரிலாந்து மாநில செனட் சபையில் அங்கம் வகித்த சட்டத்தரணி அவர். பதவியை விட்டு விலகிய பின்னர், புகையிலைக் கம்பனிகள் கூட்டாக நடத்திவந்த 'ரொபாக்கோ இன்ஸ்ரிரியூட்' என்ற அமைப்புக்காக சட்டசபை உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு திரட்டும் வேலையைக் கூலிக்குச் செய்தவர். தொண்டைப் புற்றுநோய்க்கு ஆளானதன் பின்னர், 1995 ஆம் ஆண்டில், தான் செய்த வேலை எத்தகையது என்பதை அவர் பகிரங்கமாகச் சொன்னார். அடுத்த ஆண்டு காலமானார்.

அவர் சொன்னவற்றுள் ஒன்று என் கவனத்தை மிகவும் ஈர்த்தது. உள்ளூர் மட்டத்தில் தங்களால் வெல்ல இயலவில்லை என்றும், ஆகவேதான் தீர்மானிக்கும் அதிகாரத்தை உள்ளூர் சபைகளிடமிருந்து பறித்து மாநிலத் தலைநகருக்குக் கொண்டுசெல்ல முயன்றதாகவும் அவர் கூறியிருந்தார். உலகின் மிகப் பெரிய கம்பனிகளுள் சில, வாஷிங்டனைக் கண்டு அஞ்சாமல், ஒரு சிறு நகரத்தின் ஐந்து உறுப்பினர் கொண்ட சபையைக் கண்டு அஞ்சியிருக்கின்றன. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் விளங்கும். மாநிலத் தலைநகரில் கம்பனியின் ஆட்கள் ஆண்டு முழுவதும் தங்கியிருப்பார்கள்; உறுப்பினர்களின் தேர்தல் செலவுக்குப் பணம் கொடுப்பார்கள்; சட்டமூலத்தின் எந்தச் சரத்தில் எந்தச் சொல்லை மாற்றினால் அது பல்லிழந்து போகும் என்பதை நன்கறிவார்கள். ஊர்ச் சபை உறுப்பினரோ அயலவர்களோடு ஒரே கடையில் சாமான் வாங்குபவர். ஆஸ்துமாக்காரப் பிள்ளையின் தாயார் அவரை வீதியில் மறித்துக் கேள்வி கேட்கலாம். எங்கிருந்தோ விமானத்தில் வந்திறங்கும் கோட் அணிந்த கனவான் அந்த இடத்தில் அந்நியராகவே தெரிவார்.

கலிபோர்னியாவின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. அங்கே 1978 இலும் 1980 இலும் மாநிலம் முழுவதற்குமான புகைத்தல் கட்டுப்பாடுகள் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. கம்பனிகள் பணத்தை வாரி இறைத்தன. இரண்டு தடவையும் பிரேரணைகள் தோற்றன. இதன் பின்னர்தான் இயக்கக்காரர்கள் நகரங்களின் பக்கம் திரும்பினார்கள். 1983 இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் வேலைத்தலங்களில் புகைக்காதோரைப் பாதுகாக்கும் சட்டமொன்றை நிறைவேற்றியது. உடனே கம்பனிகள் கையெழுத்துத் திரட்டி அதனை வாக்கெடுப்புக்கு இழுத்தன. ஒரு நகரச் சட்டத்தைத் தோற்கடிப்பதற்காக பத்து இலட்சம் டொலருக்கும் மேல் செலவிடப்பட்டது. ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளால் சட்டம் தப்பியது. பணபலம் முதன்முதலாகத் தோற்ற பெரிய வாக்கெடுப்பு அதுவே.

தோல்வியிலிருந்து கம்பனிகள் பாடம் கற்றுக்கொண்டன. தங்கள் முகத்தைக் காட்டினால் மக்கள் எதிர்க்கிறார்கள். ஆகவே வேறு முகங்கள் வேண்டும். 1987 இல் பெவர்லி ஹில்ஸ் நகரம் உணவகங்களில் புகைத்தலை முற்றாகத் தடைசெய்தபோது, 'பெவர்லி ஹில்ஸ் உணவகச் சங்கம்' என்றொரு அமைப்பு தோன்றியது. தடையால் வியாபாரம் 30 வீதம் வீழ்ந்துவிட்டதென்று அது முறையிட்டது. பத்திரிகைகள் அந்த எண்ணை அப்படியே பிரசுரித்தன. நான்கு மாதங்களில் நகரசபை பணிந்து, தடையைத் தளர்த்தியது. பின்னர் விற்பனை வரிக் கணக்குகளைப் பார்த்தபோது அப்படியொரு வீழ்ச்சி நடந்ததற்கான தடயமே இருக்கவில்லை. ஆனால் அந்த 30 வீதம் மட்டும் சாகவில்லை. நாட்டின் எந்த மூலையில் எந்தச் சபை இத்தகைய சட்டத்தை ஆராய்ந்தாலும், பெவர்லி ஹில்ஸைப் பாருங்கள் என்று யாராவது எழுந்து சொன்னார்கள்.

ஏழாண்டுகள் கழிந்த பின்னர், நியூயோர்க் நகரசபை இதேபோன்ற சட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்த 1994 இல், அந்தச் சங்கத்தின் தலைவராயிருந்த உணவக உரிமையாளரே சபைக்குக் கடிதம் எழுதினார். புகைத்தல் தடைக்கு முன்னர் அப்படியொரு சங்கமே இருக்கவில்லை. அதனை ஒழுங்கமைத்தது புகையிலைத் தொழில்துறை. வழக்குச் செலவுக்கு உதவியதும் அதுவே. இன்னொரு கலிபோர்னிய நகரத்தின் சபைமுன் சாட்சியமளிப்பதற்காகச் சங்க உறுப்பினர்கள் சிலரைத் தனியார் ஜெட் விமானத்தில் ஏற்றிச் சென்றதும் அதுவே என்று அவர் எழுதியிருந்தார். ஊர் உணவக முதலாளி அயலூருக்கு ஜெட் விமானத்தில் போய் ஏழ்மை பேசுவதைக் கற்பனை செய்து பாருங்கள்!

நீண்ட காலம் பத்திரிகையில் தொழில் செய்தவன் என்ற வகையில், இந்த இடத்தில் எனக்குச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஆசிரிய பீடத்துக்கு நாள்தோறும் வரும் அறிக்கைகளில் பாதி, நாம் கேள்விப்பட்டிராத சங்கங்களினுடையவை. அழகான கடிதத் தலைப்பு இருக்கும்; தலைவர், செயலாளர் பெயர்கள் இருக்கும்; முகவரி சில வேளை தபால்பெட்டி இலக்கமாக இருக்கும். இரவு பதிப்பு முடிகின்ற அவசரத்தில், இந்தச் சங்கம் எப்போது தோன்றியது, அதன் கூட்ட மண்டப வாடகையை யார் செலுத்துகிறார் என்று கேட்க எந்த உதவி ஆசிரியருக்கும் நேரமிருப்பதில்லை. 'வர்த்தகர்கள் எதிர்ப்பு' என்று தலைப்பிட்டு இரண்டு பத்தி போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இரு தரப்பையும் சொன்னோம் என்ற திருப்தியும் கிடைக்கிறது. உண்மையில் அங்கே ஒரு தரப்பு ஊர்மக்கள், மறுதரப்பு வாடகைக்கு எடுத்த ஊர்மக்கள். இதனை விளங்கிக்கொள்ளாத 'நடுநிலைமை' பத்திரிகைத் தொழிலுக்குப் பெருமை சேர்ப்பதன்று.

(அக்காலத்தில் ஆசிரிய பீடங்களே புகைமண்டபங்களாகத்தான் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேசைக்கு மேசை சாம்பல் கிண்ணம் இருந்தது. புகைக்காதவன் எழுந்து யன்னலைத் திறந்தால் தாள்கள் பறக்கின்றன என்று மூத்தவர்கள் சத்தம் போடுவார்கள்.)

இத்தகைய முகமூடி அமைப்புகளுள் பெரியது 1993 இல் பிலிப் மொறிஸ் கம்பனியின் பணத்தில், பேர்சன் மார்ஸ்ரெல்லர் என்ற பொதுசனத் தொடர்பு நிறுவனத்தின் கைவண்ணத்தில் உருவான 'தேசிய புகைப்போர் கூட்டணி'. சாதாரண புகைப்பவர்கள் தங்கள் உரிமைக்காகத் தாமாகவே திரண்டெழுந்தார்கள் என்ற தோற்றத்தைக் கொடுப்பதே அதன் வேலை. உள்ளூர் சட்டங்கள் ஆராயப்பட்ட இடங்களிலெல்லாம் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் வந்து குவிந்தன.

இருந்தும் நகரங்கள் நிற்கவில்லை. 1990 இல் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற சிறு நகரம் மதுச்சாலைகள் உட்பட எல்லாப் பொதுக் கட்டடங்களிலும் புகைத்தலைத் தடைசெய்தது. நூற்றுக்கணக்கான உள்ளூர்ச் சட்டங்கள் எழுந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியே எதிர்ப்பது கட்டுப்படியாகாத நிலையில், 1994 இல் பிலிப் மொறிஸ் ஒரு மாபெரும் தந்திரத்தை முயன்றது. பிரேரணை 188 என்று அதற்குப் பெயர். மாநிலம் முழுவதற்கும் ஒரே சீரான, கண்டிப்பான புகைத்தல் கட்டுப்பாடு என்று விளம்பரப் பலகைகள் கூறின. கையெழுத்திட்டவர்களுள் பலர் அது புகைத்தலுக்கு எதிரான சட்டமென்றே நம்பினர். நுணுக்க எழுத்தை வாசித்தவர்களுக்குத்தான் தெரிந்தது, அது நிறைவேறினால் உள்ளூர்ச் சட்டங்கள் அனைத்தும், அந்த ஆண்டில்தான் மாநில சட்டசபை நிறைவேற்றியிருந்த வேலைத்தலப் புகைத்தல் தடையும் ஒரே அடியில் இல்லாமற் போகும் என்பது.

தொழில்துறை அதற்காக ஏறக்குறைய 1 கோடி 80 இலட்சம் டொலரைச் செலவிட்டது. ஆரம்பத்தில் பிரேரணைக்கு ஆதரவு அதிகமாகவே இருந்தது. ஆனால் அதன் பின்னால் இருப்பது யார் என்பது தெரியவந்ததும் நிலைமை தலைகீழானது. அதை வெளிப்படுத்திய விளம்பரங்களுள் சில, எந்தப் பக்கம் வாக்களிக்க வேண்டும் என்று கூடச் சொல்லவில்லை; ஆதரிப்போர் யார், எதிர்ப்போர் யார் என்ற பட்டியலை மாத்திரம் வெளியிட்டன. நூற்றுக்கு 70 பேருக்கு மேல் எதிர்த்து வாக்களித்தனர்.

'நாடு முழுவதற்கும் ஒரே சட்டம்' என்ற வாதம் நல்ல வாதம் போலத் தோன்றும். ஒரு நகரத்தில் தடை, ஆற்றைக் கடந்தால் தடையில்லை என்றால் குழப்பந்தானே என்று நியாயமானவர்களும் கேட்பார்கள். என் பதில் இதுதான்: மாநிலச் சட்டம் ஆகக் குறைந்த பாதுகாப்பை விதித்து, விரும்பும் ஊர்கள் அதற்கு மேலே போக இடமளித்தால் அதில் தவறேதுமில்லை. கம்பனிகள் கேட்டது அதுவன்று. மாநிலச் சட்டமே உச்ச வரம்பாக இருக்க வேண்டும், எந்த ஊரும் அதைத் தாண்டக்கூடாது என்பதே அவர்களது கோரிக்கை. 1985 இல் புளோரிடாவில் அது கிடைத்தது. பின்னர் வேறு பல மாநிலங்களிலும் கிடைத்தது. கலிபோர்னியாவில் தோற்றவர்கள் வேறிடங்களில் சத்தமில்லாமல் வென்றார்கள்.

மொன்டானா மாநிலத்தின் ஹெலினா நகரத்தில் நடந்தது இந்த விளையாட்டின் விலையை ஓரளவு காட்டுகிறது. 2002 ஜூனில் அங்கே பொது இடங்களிலும் வேலைத்தலங்களிலும் புகைத்தல் தடை நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதங்களில் நீதிமன்ற உத்தரவால் அது இடைநிறுத்தப்பட்டது. தடை இருந்த அந்த ஆறு மாதங்களில் மாரடைப்பால் வைத்தியசாலைக்கு வந்தோர் தொகை ஏறக்குறைய 40 வீதம் குறைந்திருந்ததாகவும், தடை போனதும் பழைய நிலைக்குத் திரும்பியதாகவும் 2004 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஆய்வொன்று வெளியானது. சிறிய ஊர், சிறிய எண்ணிக்கை; பின்னர் பெரிய மக்கள்தொகைகளில் நடந்த ஆய்வுகள் காட்டிய வீழ்ச்சி இதைவிடக் குறைவானது. என்றாலும் திசை ஒன்றாகவே இருந்தது. மொன்டானா சட்டசபையோ 2003 இல் ஊர்கள் மாநிலத்தை விஞ்சிச் சட்டமியற்ற முடியாதபடி வழியை அடைத்தது.

வியாபாரம் அழிந்துவிடும் என்ற வாதத்தின் கதையும் சுவையானது. இது தொடர்பாக வெளிவந்திருந்த 97 ஆய்வுகளை 2003 இல் சில ஆய்வாளர்கள் ஒன்றாக வைத்து நோக்கினார்கள். தடையால் நட்டம் என்று முடிவுசெய்த ஆய்வுகளுள் ஒன்றேனும் புகையிலைத் தொழில்துறையோடு தொடர்பற்ற பணத்தில் நடந்ததென்று தெளிவாகச் சொல்லக்கூடியதாக இருக்கவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். சுவையூட்டிய புகையிலைப் பொருட்களை சான் பிரான்சிஸ்கோ தடைசெய்தபோது, ஆர்.ஜே. ரெய்னோல்ட்ஸ் கம்பனி 2018 இல் 1983 இன் அதே வழியில் வாக்கெடுப்புக்கு இழுத்தது. தோற்றது. அடுத்த ஆண்டு இலத்திரனியல் சிகரெட் உற்பத்தி செய்யும் ஜூல் கம்பனி, இளைஞர்களைப் பாதுகாக்கும் சட்டம் என்ற போர்வையில் தன் சொந்தப் பிரேரணையை அதே நகரத்தில் முன்வைத்து, இடைநடுவில் கைவிட்டது. நூற்றுக்கு 80 பேருக்கு மேல் அதனை நிராகரித்தனர். ஒஹையோ மாநிலத்தில் கதை வேறு. உள்ளூர்ச் சபைகளின் அதிகாரத்தைப் பறிக்கும் ஏற்பாட்டை ஆளுநர் தனது தடை அதிகாரத்தால் நிராகரித்தும், 2024 ஜனவரியில் சட்டசபை அதனை மீறி நிறைவேற்றியது. நகரங்கள் நீதிமன்றத்துக்குப் போயின.

நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் சிகரெட் உற்பத்தி ஒரே கம்பனியின் கையில் இருக்கிறது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனிக்கு உரியவை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைத்தலையும், விளம்பரங்களையும், 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு விற்பதையும் தடைசெய்தது. நல்ல சட்டம். 2012 இல் பெட்டிகளின் 80 வீத இடத்தில் எச்சரிக்கைப் படங்கள் வேண்டுமென்று ஒழுங்குவிதி வந்தபோது கம்பனி நீதிமன்றம் சென்றது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 50 இலிருந்து 60 வீதமாகக் குறைத்தது. 2015 இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மீண்டும் 80 வீதமாக்கியது. மூன்றாண்டுகள் இழுபட்டது படத்தின் அளவுக்கான சண்டை.

இதற்கிடையில், கொழும்பின் கண்ணுக்கு அதிகம் படாத ஒன்று நடந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடைக்காரர்களோடு பேசி, ஊர் ஊராகச் சிகரெட் விற்பனையை நிறுத்தச் செய்தார்கள். கட்டாயமில்லை, வர்த்தகர்கள் தாமாக உடன்பட்டார்கள். 2019 அளவில் இத்தகைய சிறு நகரங்கள் நூறைத் தாண்டியிருந்தன. அவற்றுள் கூடுதலானவை யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தன. ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றி அனுப்பி அதில் கல்வீடுகள் கட்டிய மண் அது. நல்ல சுருட்டின் தரம் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய பெரியவர்களை நானே அறிவேன். அந்த மண்ணின் கடைக்காரர் தன் சிறு இலாபத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்.

சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். தானாக விற்காமல் விட்ட கடைக்காரரை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? அவரைப் பேசித்தான் மாற்ற வேண்டும். இப்போது கேட்கின்ற பேச்சுகள் பெரும்பாலும் இரண்டு: கள்ளச் சிகரெட் பெருகிவிடும், பீடிக்கு மாறிவிடுவார்கள். இவை முற்றிலும் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். கள்ளச் சிகரெட் பிடிபடுகிறது; பீடியும் விற்கப்படுகிறது. ஆனால் அவற்றைத் தடுப்பது சுங்கத்தினதும் பொலிஸாரினதும் வேலை. ஊர்க்கடையில் சிகரெட் அடுக்குவது அதற்கு மருந்தாகாது. இந்தப் பேச்சுகளோடு சிறு வர்த்தகர்களின் நலன் காக்கும் புதிய சங்கம் எதுவும் உங்கள் ஊரில் தோன்றினால், அதன் முதலாவது கூட்டத்துக்கே போங்கள். தேநீர் நன்றாக இருக்கும். அந்தத் தேநீருக்கான சிட்டை யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.