குடுமியான்மலைக்கு ஓர் ஆற்றுப்படை

வெளியூர்ப் பயணிகளுக்காக எழுதப்படும் வழிகாட்டி நூல்களில் மாலைப்பொழுதுக்கென்று ஒரு பகுதி தவறாமல் இருக்கும். எந்த மதுவிடுதியில் பாட்டு உண்டு, எத்தனை மணிக்குத் தொடங்கும், எங்கே அமர்ந்தால் நன்றாகக் கேட்கும் என்ற விவரங்கள் அதில் காணப்படும். தமிழ்நாட்டுக்கு வருகிறவருக்கு நாம் சொல்லும் மாலைப்பொழுது பெரும்பாலும் சென்னையின் நட்சத்திர விடுதிகளோடும் மார்கழிக் கச்சேரிகளோடும் முடிந்துவிடுகிறது. சென்னையைத் தாண்டிவிட்டால் கோபுரம், சிற்பம், ஓவியம் என்று கண்ணுக்கு விருந்து வைக்கிறோம். செவியைப் பட்டினி போடுகிறோம். இதற்குக் காரணம் நம் இசையின் வறுமை அன்று. வழி சொல்லும் மரபை நாம் கைவிட்டதுதான் காரணம் என்பது என் கருத்து. இதைப் பேசக் குடுமியான்மலையை விடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

வழி சொல்லுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தெடுத்த மொழி தமிழ். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை நீங்கலாக மற்ற நான்கும் பொருநர், பாணர், கூத்தர் என்னும் கலைஞர்களை வள்ளல்களிடம் ஆற்றுப்படுத்துபவை. பரிசில் பெற்று மீள்கிற கலைஞன், எதிரே பசியோடு வரும் இன்னொரு கலைஞனை நிறுத்தி வழி சொல்கிறான். எந்த நிலத்தில் என்ன உணவு கிடைக்கும், எங்கே இரவு தங்கலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்று அடுக்குகிறான். மலைபடுகடாம் கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளின் பட்டியலோடு தொடங்குகிறது. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறல் மலைக்குடிகளின் வீட்டில் கிடைக்கும் என்றும் சொல்லிவைக்கிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குக் கள்ளும் ஊனும் சலிக்கும் மட்டும் கொடுத்து உபசரிக்கிறான். இசை, உணவு, கள், விருந்தோம்பல் நான்கும் ஒரே முற்றத்தில் கூடியிருந்த காலம் அது.

பிற்காலத்தில் அவை பிரிந்தன. கள் இறக்க 1987 முதல் தடை. மது சில்லறை விற்பனை 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில். கடையை ஒட்டிய 'பார்' குடித்துவிட்டு எழுந்து போகும் இடம். அங்கே உட்கார்ந்து பேசுவதே அரிது, பாட்டுக்கு எங்கே போவது? இசையோ கோயிலுக்கும் சபாவுக்கும் போய்விட்டது. மதுவும் இசையும் பிரிந்ததற்காக நான் வருந்தவில்லை. பாட்டு எங்கே, எப்போது கேட்கும் என்று வழிப்போக்கனிடம் சொல்ல ஆளில்லாமல் போனதற்காகவே வருந்துகிறேன்.

இனிக் குடுமியான்மலைக்கு வருவோம். புதுக்கோட்டையிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் உள்ள சிற்றூர். குன்றின் அடியில் சிகாநாதர் கோயில். மண்டபத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள். குன்றின் கிழக்குச் சரிவில் மேலைக்கோயில் என்னும் குடைவரை. அதை ஒட்டிய பாறைமுகத்தில், ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடிப் பரப்பில், பல்லவ கிரந்த எழுத்தில் சுரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1904இல் அரசுக் கல்வெட்டுத் துறையினர் கண்டறிந்து படியெடுத்தனர், பி. ஆர். பண்டார்கர் ஆராய்ந்து எபிகிராஃபியா இண்டிகாவின் பன்னிரண்டாம் தொகுதியில் வெளியிட்டார். ஏழு பிரிவுகள், 38 வரிகள். நான்கு நான்கு சுரங்களாகத் தொகுத்து எழுதியிருக்கிறார்கள். ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வருகிறது. சிலவற்றின் தலையில் புள்ளி இருக்கிறது. இந்த உயிர்மாற்றமும் புள்ளியும் எதைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. எழுத்தமைதியைக் கொண்டு ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். பொறித்த அரசன் தன் பெயரைச் சொல்லவில்லை. மகேந்திரவர்மன் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பின்வந்த ஆய்வாளர் பலர் அதை ஏற்கவில்லை.

பெயர் சொல்லாத அந்த அரசன் இரண்டு செய்திகளைச் சொல்லியிருக்கிறான். தான் உருத்திராசாரியாரின் மாணவன் என்பது ஒன்று. மாணாக்கரின் நன்மைக்காக இச்சுரங்களை அமைத்ததாகச் சொல்வது மற்றொன்று. தமிழில் ஒரு வரியும் உண்டு: எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்பது அதன் பொருள். எண்நரம்பு யாழையும் எழுநரம்பு யாழையும் அது குறிக்கலாம் என்பர். ஆக, பாறையில் இருப்பது வெற்றிப் புகழ்ச்சியோ தானப் பட்டியலோ அன்று, பயிற்சிப் பாடம். வெயிலிலும் மழையிலும் அழியாத கரும்பலகை ஒன்றை அந்த அரசன் மாணவர்களுக்கு எழுதி வைத்திருக்கிறான். வாசிக்கப்பட வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது அது.

இன்று அங்கே போகிறவர் காண்பது என்ன? பாறையை அண்ணாந்து பார்க்கிறார். எழுத்துத் தெரியவில்லை. இது உலகப் புகழ் பெற்ற இசைக் கல்வெட்டு என்று யாராவது சொன்னால் தலையாட்டுகிறார். ஒரு படம் எடுத்துக்கொண்டு சித்தன்னவாசலுக்குப் புறப்படுகிறார். அந்தப் படத்திலும் ஒலி இல்லை. அருகிலுள்ள திருமயத்தில் நேர்ந்தது நினைவுக்கு வருகிறது. அங்கும் இத்தகைய இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. பிற்காலத்தவர் அதன் பெரும்பகுதியை அழித்துவிட்டு அதன்மேல் வேறு கல்வெட்டு வெட்டினார்கள். பாட்டு ஒழிந்த பிறகு சுரம் வெறும் கீறலாகிவிடுகிறது. கீறலை அழிக்கக் கை நடுங்குவதில்லை.

பிற நாட்டார் இதில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நல்லது. லிஸ்பன் நகரின் பழைய தெருக்களில் ஃபாடு பாடும் சிற்றுணவகங்கள் உள்ளன. பாடகர் எழுந்தால் விளக்கைத் தணிக்கிறார்கள், உணவு பரிமாறுவது நிற்கிறது, பேச்சு அடங்குகிறது. அயர்லாந்தில் மதுவிடுதியின் ஒரு மூலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்காரர்கள் வாசிக்கிறார்கள். மேடை என்று ஒன்று கிடையாது. நியூ ஆர்லியன்சில் 1961இல் தொடங்கப்பட்ட பிரிசர்வேஷன் ஹால் எனக்கு இவற்றினும் முக்கியமாகப் படுகிறது. பழைய ஜாஸ் கலைஞர்கள் வேலையின்றி முதுமையடைந்துகொண்டிருந்தபோது அவர்கள் வாசிப்பதற்கென்றே ஏற்பட்ட சிறிய கூடம் அது. மதுவிடுதிகள் நிறைந்த வட்டாரத்தில் மது விற்காமலே பல பத்தாண்டுகள் நடந்தது. ஒலிபெருக்கி இல்லை, மரப் பலகைகள்தாம் இருக்கை. எந்த ஊரில் இருந்து வந்த பயணியும் மாலையில் போய் வரிசையில் நின்றால் ஜாஸ் கேட்கலாம். இம்மூன்றிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது இதுதான்: பயணிக்கு இசை கிடைக்க மது வேண்டியதில்லை, பெரிய அரங்கமும் வேண்டியதில்லை. சிறிய இடம், மாறாத நேரம், ஊதியம் பெறும் கலைஞன் ஆகிய மூன்றும் போதும்.

இம்மூன்றும் நம்மிடம் இருந்தவை. காலப் பூசைக்கு நாதசுரம் வாசிப்பது கோயிலின் நியதி. எந்த வேளைக்கு எந்த இராகம் என்பது கேட்டுப் பழகிய ஊர்க்காரனுக்குத் தெரிந்திருந்தது. சாமி புறப்பாட்டின்போது தெருவே அரங்கம். கட்டணமில்லாத அந்த அரங்கத்தில்தான் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி வளர்ந்தது. திருவரங்கத்தில் இரவுச் சேவையின்போது வீணை வாசிக்கும் வழக்கம் உண்டு. திருவாரூரில் பஞ்சமுக வாத்தியமும் பாரிநாயனமும் உண்டு. திருவையாற்றில் சனவரி மாதம் தியாகராசர் ஆராதனையில் காவிரிக்கரையில் உட்கார்ந்து எவரும் கேட்கலாம். ஆனால் ஆராதனை ஆண்டுக்கொரு முறை. அன்றாட இசைக்கு வந்த கேடு மின்சார மேளம். பொத்தானைத் தட்டினால் முரசும் மணியும் தாமே அடித்துக்கொள்கின்றன. எத்தனையோ சிறு கோயில்களில் தவில்காரர் நின்ற இடத்தில் இப்போது அந்த இயந்திரம் நிற்கிறது. அதற்குச் சம்பளம் தர வேண்டாம், அது விடுப்பு எடுக்காது என்கிறார்கள். அதற்கு அடுத்த தலைமுறையும் கிடையாது என்பதை எவரும் சொல்வதில்லை.

பழைய ஏற்பாட்டைப் போற்றிப் பாடுவதும் என் நோக்கமன்று. அதன் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரையில் ஆலய வாயிலில் நின்று வாசித்ததையும், திருவாரூரில் அவருக்கென வடதிசையில் வேறு வாயில் திறக்கப்பட்டதையும் பெரியபுராணம் சொல்கிறது. இறைவனே அழைத்தான் என்று சேக்கிழார் பாடுவதால்தான் அழைக்கப்படாத நிலையும் நமக்குத் தெரியவருகிறது. குடுமியான்மலையிலேயே அம்மன் சந்நிதியை எழுப்பியவர் உமையாழ்வி நாச்சி என்னும் தேவரடியார் என்று கல்வெட்டு கூறுகிறது. ஆடலும் பாடலும் கற்ற பெண்கள் கோயிலுக்குக் கொடை தரும் நிலையில் இருந்திருக்கிறார்கள். பின்னாளில் அம்முறை பெண்களுக்கு விலங்கானது. அதை உடைக்கப் போராடியவர்களுள் முதன்மையானவர் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. 1947இல் சட்டம் வந்தது. சட்டம் நியாயமானது. ஆனால் அவர்கள் சுமந்துவந்த கலைக்கு ஊர்ப்புறத்தில் மாற்று இடம் எதையும் நாம் அமைக்கவில்லை. மேல்தட்டுச் சபைகள் அக்கலையை எடுத்துக்கொண்டன. ஊர் மண்டபங்கள் ஊமையாயின.

ஆகவே நான் வைக்கும் கோரிக்கை எளியது. குடுமியான்மலையில் வாரந்தோறும் ஒரு மாலை, ஒரே நேரத்தில், ஒரு மணி நேரம் இசை நடக்க வேண்டும். ஒலிபெருக்கி வேண்டாம். ஐம்பது பேர் உட்கார்ந்தால் போதும். கலைஞருக்கு முறையான ஊதியம் வேண்டும்; கேட்க வருகிறவருக்குச் சாதி, மதம், நாடு எதுவும் தடையாகக் கூடாது.

என்ன பாடுவது? கல்வெட்டில் உள்ளதை அப்படியே இசைத்துக் காட்டுகிறோம் என்று சொல்லுவது பொய்யாகும். அது எப்படி ஒலித்தது என்பது முடிவாகாத கேள்வி. ஆனால் வேறு வழி திறந்திருக்கிறது. கல்வெட்டின் ஏழு பிரிவுகளின் பெயர்களில் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் மூன்றும் வருகின்றன. சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்று தேவாரப் பண்களிலும் அவை வருகின்றன. ஏழாம் நூற்றாண்டுப் பாறையும் ஏழாம் நூற்றாண்டுப் பதிகமும் ஒரே பெயர்களைச் சொல்கின்றன. பெயர் ஒன்றானால் இசையும் ஒன்றாகிவிடாதுதான். எனினும் ஓதுவார்கள் இன்றும் சாதாரியைப் பந்துவராளியிலும், பஞ்சமத்தை ஆகிரியிலும், கௌசிகத்தைப் பைரவியிலும் பாடிவருகிறார்கள். ஓர் ஓதுவாரும் ஒரு வீணைக் கலைஞரும் இம்மூன்றையும் பாடி வாசித்து, இந்தப் பெயர்கள் அதோ அந்தப் பாறையில் இருக்கின்றன என்று சொல்லட்டும். தாளத்துக்குக் கஞ்சிரா இருக்கட்டும். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். அவர் மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் அப்படியே. தன் ஊரின் கருவி தன் ஊரில் ஒலிப்பதற்கு யாரிடமும் இரவல் வாங்க வேண்டியதில்லை.

எதிர்ப்புகள் வரும் என்பதை அறிவேன். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள பாறை அருகே கூட்டம் கூடலாமா என்பார்கள். கூடக் கூடாதுதான், குடைவரைக்கு முன்னால் நடத்தச் சொல்லவில்லை. கோயிலுக்கு வெளியே, அனுமதிக்குட்பட்ட ஓரிடத்தில் நடத்தலாம். பாறையைப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். இன்னொரு எதிர்ப்பு நம்மவரிடமிருந்தே வரும். சுற்றுலாவுக்கென்று பாடினால் இசை காட்சிப்பொருளாகிவிடும் என்பார்கள். அந்த ஆபத்து மெய்யானது. மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறை ஆண்டுதோறும் நடத்தும் நாட்டிய விழாவில் சிற்பம் பின்திரையாக நின்றதுண்டு. ஆடலுக்கும் அப்பாறைக்கும் உறவில்லாமலும் ஓர் ஆட்டம் நடந்து முடியலாம். குடுமியான்மலையில் அப்படி நேராது. அங்கே பாறையே பாடம். மேலும், கேட்பவர் வெளியூர்க்காரர் என்பதால் இசை தரம் தாழும் என்று சங்கக் கலைஞர்கள் கருதவில்லை. அவர்களே வெளியூர்க்காரர்கள்தாம், அறியாத முற்றத்தில் நின்று, அறியாதவர் முன் வாசித்தே வாழ்ந்தார்கள்.

ஆற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தான் பெற்ற செல்வம் எங்கே கிடைக்கும் என்பதை இன்னொருவனுக்கு ஏன் சொல்ல வேண்டும், போட்டி வந்துவிடாதா என்பார்கள். அந்த அறத்தை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் வேண்டியிருக்கிறது. நாம் சொல்ல வேண்டிய வழியோ மிகச் சுருக்கமானது. புதுக்கோட்டையிலிருந்து பேருந்து உண்டு. குன்று தொலைவிலிருந்தே தெரியும். போனால் இன்ன கிழமை, இன்ன நேரத்தில் பாட்டுக் கேட்கலாம் என்ற கடைசி வரியைத்தான் இன்னும் சொல்ல முடியவில்லை. மாணாக்கருக்காகப் பாறையை வெட்டிய அரசனுக்கு நாம் பட்ட கடன் அந்த ஒரு வரி.