குறை எங்கே இருந்தது?



1870களில் இங்கிலாந்தில் ஓடிய சைக்கிளின் முன்சக்கரம் நான்கு, ஐந்து அடி உயரம். தரை தொடும் பாவாடை அணிந்த பெண் அதில் ஏறுவது எங்ஙனம்? கவன்ட்ரி நகரின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் ஒருபக்கமாக அமர்ந்து மிதிக்கும் சைக்கிளைச் செய்து பார்த்தார். அது நிலைக்கவில்லை. பெண்கள் மூன்று சக்கர வண்டியையே நாடினர்.

1885-இல் அவருடைய சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி, தாழ்ந்த சக்கரங்கள் கொண்ட 'ரோவர்' சைக்கிளை உருவாக்கினார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே பெண்களுக்கென நடுவிலுள்ள 'பார்' கம்பியைத் தாழ்த்தினார்கள். பாவாடை சிக்காதபடி பின்சக்கரத்தின் இருபுறமும் நூல்வலை கட்டினார்கள். செயினுக்கு உறை போட்டார்கள். பெண்கள் துணிந்து ஓட்டினார்கள். அப்படியானால் குறை எங்கே இருந்தது? பெண்ணிடமா, வண்டியிலா?

ஆயினும் அம்மாற்றங்கள் பெரும்பாலும் உடையை எண்ணிச் செய்தவையே. 1894-இல் உலகைச் சுற்றப் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ஆனி லண்டன்டெரி என்னும் பெண்மணிக்கு 42 பவுண்டு எடையுள்ள பெண்கள் சைக்கிள் பெரும் சுமையாயிற்று. சிகாகோவில் அதை விட்டு, அதில் பாதி எடையே உள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். நீண்ட பாவாடையையும் கைவிட்டார். 1895-இல் பயணத்தை முடித்தார்.

என் கருத்து இதுவே: ஒரு கருவி நமக்குப் பொருந்தாவிட்டால், "நம்மால் இயலாது" என்று தலைகுனிய வேண்டாம். கருவியைச் சோதிப்போம், அதைத் திருத்தும் கல்வியைக் கற்போம். பெண்களுக்கான வண்டியைப் பெண்களே வரையட்டும்!