அடிவானம் தெரியாத இரவில்



ஊருக்கும் வளைகுடாவுக்கும் புறப்பட்ட நம் பிள்ளைகளை, 2008 மே மாதம் வரை, பிரேசர் டவுனுக்கு அதிகத் தொலைவில் இல்லாத எச்.ஏ.எல். விமான நிலையத்தில்தானே வழியனுப்பினோம்? அந்தப் பழைய விமான நிலையச் சாலையில்தான் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனமும் உள்ளது. அங்கே விமானிகளுக்குப் போதிக்கப்படும் ஒரு பாடம் யாதெனில், இருளில் உன் சரீர உணர்வை நம்பாதே என்பதே.

காரணம் என்ன? நம் உட்செவியிலுள்ள திரவமே சாய்வை உணர்த்துகிறது. விமானம் மெதுவாகச் சாய்ந்து ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சற்று நேரத்தில் அந்த உணர்வு மங்கிவிடும். நேராகச் செல்வதாகவே தோன்றும். ஆகையால் விமானிக்கு முன்பாகச் செயற்கை அடிவானம் என்னும் கருவி வைக்கப்பட்டிருக்கிறது. மேலே நீல நிறம் வானம். கீழே பழுப்பு நிறம் பூமி. நடுவில் அசையாத சிறு விமானக் குறி. விமானம் இடப்புறம் சாய்ந்தால், கருவியில் அடிவானக் கோடு வலப்புறம் சாயும். அந்தக் கோட்டையே இறக்கை என்று எண்ணுகிறவர் எதிர்த்திசையில் திருப்பிவிடுவார். பழைய சோவியத் விமானங்கள் பலவற்றிலோ, சாய்வைக் காட்ட விமானக் குறியே அசையும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது மிகுந்த கவனம் தேவை.

சரி, கருவியே பொய் சொன்னால்?

1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டது ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா'. கடலின்மேல் காரிருள், வெளியே அடிவானம் தெரியவில்லை. வலப்புறம் திரும்பிய விமானம் நேரான பின்பும், தலைமை விமானியின் கருவி வலச்சாய்வையே காட்டிற்று. அதைச் சரிசெய்வதாக எண்ணி அவர் இடப்புறம் திருப்பினார். விமானம் மேலும் மேலும் இடப்புறம் கவிழ்ந்தது. அந்தக் கருவியை நம்ப வேண்டாம் என்று பொறியாளர் எச்சரித்தபோது காலம் கடந்திருந்தது. புறப்பட்ட 101 விநாடிகளில் விமானம் பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் தப்பவில்லை.

கவனியுங்கள்! அந்த அறையில் துணை விமானிக்குத் தனிக் கருவி இருந்தது; மாற்றுக் கருவியும் இருந்தது. ஒன்றோடொன்றை ஒப்பிட்டிருந்தால் பொய் சொன்னது எது என்று வெளிப்பட்டிருக்கும். ஆகவே, ஒரு கருவி மாறுபட்டால் உடனே உரக்கச் சொல்லவும், மற்றக் கருவிகளோடு சரிபார்க்கவும் இன்று விமானிகள் பயிற்றுவிக்கப்படுகிறார்கள்.

நம் வீடுகளிலும் அப்படியே. வேலை, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று அவசரமாய் முடிவெடுக்கையில், "எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது" என்கிறோம். அருகிலிருக்கும் மனைவிக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டீர்களா? அவர் எச்சரிக்கும்போது நேரம் இருக்கிறதா? இன்றிரவே கேளுங்கள்.