நாரிநோவுக்குப் படுக்கை மருந்தல்ல

வட்டுக்கோட்டையிலும் அராலி, சங்கரத்தைப் பக்கத்துத் தோட்டங்களிலும் வெங்காயம் நடுவது முழுக்கக் குனிந்த வேலை. களை பிடுங்குவதும் அப்படித்தான். வெள்ளெனத் தோட்டத்தில் இறங்கும் பெண்கள் வெயிலேறிய பிறகு நாரியில் கையை ஊன்றித்தான் நிமிர்கிறார்கள். வீட்டில் எண்ணெய், ஒத்தணம், கடையில் வாங்கிய குளிசை. அதற்கும் அடங்காவிட்டால் யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு ஸ்கேன்.

பலருக்குப் பயம் அந்த அறிக்கையோடுதான் தொடங்குகிறது. முள்ளந்தண்டின் தட்டு தேய்ந்திருக்கிறது, பிதுங்கியிருக்கிறது என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். "டிஸ்க் விலகிப்போச்சு, இனிக் குனியக்கூடாது" என்று அது ஊரில் பரவும். அன்றிலிருந்து பெல்ட், பாய், பயம். ஆனால் நோவே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டி 2015 இல் வெளியான ஆய்வில், 20 வயதினரிலேயே 37 சதவீதமானோருக்குத் தட்டுத் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். தலை நரைப்பது போல இதுவும் வயதோடு வருவது. நாரிநோவுள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு, இந்த இடந்தான் காரணம் என்று எந்தப் படத்திலும் சுட்டிக்காட்ட முடியாது.

படுத்துக் கிடந்தால் மாறிவிடும் என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை. ஹெல்சிங்கி நகரப் பணியாளர்களிடம் செய்த ஆய்வு 1995 இல் வெளியானது: இரண்டு நாள் படுத்திருந்தவர்களைவிட, நோ தாங்குமளவுக்கு வழமையான வேலைகளைச் செய்தவர்களே விரைவாகத் தேறினார்கள். அவுஸ்திரேலியாவில் 2024 இல், நோ மாறியவர்களில் ஒரு பகுதியினருக்குப் படிப்படியாக நடக்கப் பழக்கினார்கள். அவர்களுக்கு நோ திரும்பி வர 208 நாட்கள் பிடித்தன; மற்றவர்களுக்கு 112. நாட்பட்ட நாரிநோவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 இல் தந்த வழிகாட்டலும் உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளங்கப்படுத்துவதையும் பரிந்துரைக்கிறது. பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழமையான சிகிச்சையாகத் தரவேண்டாம் என்கிறது.

சில அறிகுறிகளோடு மட்டும் காத்திருக்கக்கூடாது. சலம் போகாமல் கட்டுதல், அடக்க முடியாமற் போதல், தொடைகளுக்கு நடுவே விறைத்தல், காலில் பெலன் குறைதல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காய்ச்சலோடு வரும் நோ, காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தவரின் நோ, வயதானவர் விழுந்தபின் வரும் நோ ஆகியவற்றையும் தள்ளிப்போடாமல் வைத்தியருக்குக் காட்டவேண்டும்.

விளங்கப்படுத்துவதும் வைத்தியந்தான். 1847 இல் அமெரிக்க மிசனிலிருந்து வட்டுக்கோட்டைக்கு வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு மாறிய சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். அந்த மண்ணில் இன்றும் ஒரு தோட்டக்காரி தன் ஸ்கேன் அறிக்கையை வாசிக்க ஆளில்லாமல் மடித்து வைத்திருப்பது நியாயமில்லை.

கூலிக்குப் போகிறவளிடம் "நடவுங்கோ" என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கவும் முடியாது. தோட்டக்காரர் வேலையை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம்: கொஞ்ச நேரம் நடுகை, பிறகு நின்றபடி செய்யும் வேலை, இடையில் நிமிர்ந்து நடக்கச் சில நிமிடம், அந்த நேரத்துக்கும் கூலி. சுகாதாரத் திணைக்களம் கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கிழமையில் ஒரு நாளாவது இயன்மருத்துவர் ஒருவரை அனுப்பவேண்டும். அந்தக் கிளினிக் பின்னேரத்தில் நடக்கவேண்டும். காலையில் வைத்தால் அந்தப் பெண்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.