மூன்று பெல்ட்டும் ஒரு மருமகளும்

உங்கள் வீட்டுக் கொலுவிலே கைப்பிடி அளவில் ஒரு பீங்கான் பிள்ளையார் இருக்கிறாரா? அவரைக் கொஞ்சம் எடுத்து முகத்தைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்கிறதல்லவா? இந்த வழவழப்புக்கு யார் காரணம் என்று கேட்டால், அச்சு எடுத்தவர், வர்ணம் தீட்டியவர், சூளை போட்டவர் என்று அடுக்குவீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத ஒரு ரப்பர் பெல்ட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்பது விருத்தாசலத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோவிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். ரயிலில் போகிறவர்களுக்கு ஜங்ஷன் நினைவுக்கு வரும். அந்த ஊருக்குப் பீங்கான் முகம் ஒன்றும் உண்டு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகப் பூமியைத் தோண்டினார்கள். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. அதற்கு மேலே கிடந்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. களிமண் பக்கத்திலேயே கிடைத்தால் கை சும்மா இருக்குமா? பொம்மை, அகல் விளக்கு, மின்சாரக் கம்பத்துக்கு வேண்டிய பீங்கான் சாமான் என்று சிறு தொழிற்சாலைகள் முளைத்துவிட்டன.

அப்படி ஒரு பட்டறைக்குத்தான் நான் போனேன். அதை நடத்துவது ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மாள். உள்ளே நுழைந்தபோது எட்டுப் பெண்கள் சுவரோரமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அச்சுகள் காலியாகக் கிடந்தன. நாள் கூலி வாங்குகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைவிடச் சங்கடமான காட்சி வேறு இல்லை.

"வாங்க தம்பி! நீங்க வந்த நேரம் பாருங்க, ராத்திரி பெல்ட்டு அறுந்துபோச்சு" என்றார் அம்மாள்.

பெல்ட் அறுந்தால் பொம்மை எப்படி நிற்கும் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாள் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே படுத்த வாக்கில் ஒரு பெரிய பீப்பாய். பால் மில் என்கிறார்கள். நான் அதற்கு ராட்சச ஆட்டுக்கல் என்று பெயர் வைத்துவிட்டேன்! அரிசி உளுந்துக்குப் பதில் அதில் கல்லும் மண்ணும் தண்ணீரும். குழவிக்குப் பதில் நூற்றுக்கணக்கான உருண்டைக் கற்கள். இரும்புக் குண்டு போட்டால் சீக்கிரம் அரையாதோ என்று கேட்டேன். "இரும்பு தேய்ஞ்சு கலந்தா, பிள்ளையார் மூஞ்சியில கறுப்புப் புள்ளி விழுந்திடும்" என்றார்.

இந்தப் பீப்பாய் இரவெல்லாம் சுற்ற வேண்டும். அதுவும் இஷ்டப்படி சுற்றக் கூடாது. மிக வேகமாகச் சுற்றினால் கற்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், ஒன்றும் அரையாது. மிக மெதுவாகச் சுற்றினால் அடியிலேயே சறுக்கிக்கொண்டு கிடக்கும். சரியான வேகத்தில்தான் அவை சுவரில் ஏறி, மேலிருந்து அருவி மாதிரி விழுந்து அரைக்கும். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள பீப்பாய்க்கு நிமிஷத்துக்குச் சுமார் 30 சுற்று போதும். ஆனால் அதை ஓட்டுகிற மின்சார மோட்டாரோ நிமிஷத்துக்கு 1440 சுற்று சுற்றுகிறது!

அவசரக்கார மோட்டாருக்கும் நிதானக்காரப் பீப்பாய்க்கும் நடுவில் சமாதானம் பண்ணி வைக்கத்தான் பெல்ட்டும் பல்சக்கரமும். மோட்டாரில் சின்னப் புல்லி. எதிரே பெரிய புல்லி. இரண்டையும் பிணைத்து மூன்று வி-பெல்ட். அதற்கப்பால் சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைத் தள்ளுகிறது. வேகம் குறையக் குறையத் தள்ளும் பலம் கூடுகிறது. இந்தச் சமாதானம் குலைந்தால் கூழ் நறநறக்கும். நறநறத்த கூழை அச்சில் ஊற்றினால் பிள்ளையார் சொறசொறவென்று பிறப்பார்.

மிஸ்திரி அறுந்த பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குக் கோபம். மூன்று வாரத்துக்கு முன் மூன்றில் ஒன்று கிழிந்ததாம். "மூணையும் சேர்த்து மாத்துங்கம்மா" என்று அவர் சொன்னாராம். மற்ற இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன, எதற்கு வீண் செலவு என்று அம்மாள் ஒன்றை மட்டும் மாற்றினாராம். அதுவும் பெயர் இல்லாத மலிவுச் சரக்கு.

"இது புதுசுதானே? பழசு இரண்டும் அறுகாமல் புதுசு எப்படி அறுந்தது?" என்று கேட்டேன்.

மிஸ்திரி சொன்ன பதில் என் மனசில் தைத்துவிட்டது. "பழசு ரெண்டும் நீண்டு போச்சு சார். தொளதொளன்னு ஓடும். புதுசு ஒண்ணுதான் விறைப்பா இருக்கும். அதனால மூணு பேர் சுமையையும் அது ஒண்டியே இழுக்கும். வீட்டுக்கு வந்த புது மருமக மாதிரி!"

அம்மாள் சட்டென்று திரும்பிப் பார்த்தார். வாசற்படியில் அவருடைய மருமகள் நின்றுகொண்டிருந்தாள். இரவு பால் மில்லுக்குக் காவல் அவள்தான். காலையில் சமையலும் அவள்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

மிஸ்திரி எனக்குப் பாடம் நடத்தினார். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் உள்ள வீட்டில் எல்லாம் உதவும். வி-பெல்ட் அடிப்பக்கத்தால் பிடிப்பதில்லை. பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவர்களையும் ஆப்பு மாதிரி கவ்விப் பிடிக்கிறது. ஆகையால் பள்ளத்தின் அடி மங்கலாக இருக்க வேண்டும். அது பளபளத்தால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்து, பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பாத்திரத்தின் அடி பளபளத்தால் நமக்குப் பெருமை. புல்லியின் அடி பளபளத்தால் ஆபத்து!

பெல்ட் தளர்ந்தால் வழுக்கும், கீச்சிடும், சூடேறும். அதற்காக ஒரேயடியாக இழுத்துக் கட்டினால் பேரிங் போய்விடும். இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று கொத்தனார் மாதிரி நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். பெல்ட்டின் முதுகில் எழுத்தும் எண்ணும் இருக்கும். 'ஏ' என்றால் அகலம் 13 மில்லி மீட்டர். 'பி' என்றால் 17. பி-60 என்றால் உள்சுற்று 60 அங்குலம். தொழிற்சாலை வி-பெல்ட்டுக்கு இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. அதன் எண் 2494.

வெளியே பார்த்தால் எல்லாப் பெல்ட்டும் கறுப்பு ரப்பர்தான். உள்ளே இருக்கிற இழைதான் இழுவையைத் தாங்குகிறது. இழை நன்றாக இல்லாவிட்டால் பெல்ட் சீக்கிரம் நீண்டுவிடும். ஒரே அச்சில் வார்த்த பெல்ட்டுகள்கூட மயிரிழை கூடக் குறைய வரும் என்பதால், நல்ல கம்பெனிக்காரர்கள் அவற்றை அளந்து, ஜோடி சேர்த்து, எண் போட்டு அனுப்பி வந்தார்கள். ஜாதகம் பார்க்கிற மாதிரிதான்!

இந்தச் சாமான்கள் எங்கோ சீமையிலிருந்து வருகின்றன என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஹல் நகரத்திலே 1861-ல் தோல் பெல்ட் செய்ய ஆரம்பித்தது பென்னர் கம்பெனி. அந்தப் பெயரில் மதுரை கோச்சடையில் வி-பெல்ட் தயாராகிறது. அம்பத்தூரில் 1960-ல் அமெரிக்கக் கூட்டுறவோடு யந்திரச் செயின் செய்யும் தொழிற்சாலை பிறந்தது. செயின் என்றால் சாமானியமா? 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்தபோது, என்ஜினிலிருந்து விசிறிக்குச் சக்தி போனதே சைக்கிள் செயின் மாதிரி ஒரு செயின் வழியாகத்தான்! கோயம்புத்தூரோ பல்சக்கரம் வெட்டுவதில் கைதேர்ந்த ஊர். மின்சார ஆட்டுக்கல்லும் அங்கே பிறந்ததுதான், 1955-ல் பி. சபாபதி என்பவர் அதைச் செய்து காட்டியதாகச் சொல்வார்கள். இன்று உங்கள் கை வலிக்காமல் மாவு அரைபடுகிறதென்றால், அவருக்கும் ஒரு பெல்ட்டுக்கும் நன்றி சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். மிஸ்திரி புது பெல்ட்டுகளைப் போட்டு முடித்ததும், மூலையில் கிடந்த கம்பிவலை மூடியைத் துடைத்து எடுத்து வந்து முதல் காரியமாக மாட்டினார். "இதைப் போட்டாத்தான் சுவிட்சைத் தொடுவேன். முந்தானைக்கும் பின்னலுக்கும் பெல்ட்டு எமன்" என்றார். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே, யந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் அதன் ஷாப்ட், புல்லி, பெல்ட் இவற்றைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ பெண்களையும் சிறுவர்களையும் விடக் கூடாது என்று விதித்திருந்தது. ஆனால் நம் சமையலறைக்கும் தையல் அறைக்கும் இன்ஸ்பெக்டர் வருவதில்லை. கிரைண்டரின் அடி மூடி உடைந்தால், "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். ஓடுகிற யந்திரத்தின் பக்கம் குனிவதற்கு முன் பின்னலை முடிந்துகொள்ளுங்கள், முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். குழந்தை பக்கத்தில் இருந்தால் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

சாயங்காலம் நான் விடைபெறும்போது பால் மில் கடகடவென்று ஓட ஆரம்பித்திருந்தது. பெல்ட்டிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. நல்ல சாமானுக்கு அதுதான் அடையாளம். அது இருப்பதே தெரியாது. வீட்டிலும் சிலர் அப்படித்தான். அறுந்த பிறகுதான் அவர்கள் எவ்வளவு இழுத்தார்கள் என்று தெரிகிறது.

அந்த எட்டுப் பெண்களும் வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாள் அவர்களை நிறுத்தி, அரை நாள் கூலியைக் கையில் கொடுத்தார். "என் கஞ்சத்தனத்துக்கு நீங்க ஏன் பட்டினி கிடக்கணும்?" என்றார். பிறகு மருமகளைக் கூப்பிட்டார்.

"இந்தா, இன்னிக்கு ராத்திரி மில்லை நான் பார்த்துக்கிறேன். நீ போய்த் தூங்கு" என்றார்.

மருமகள் நம்பாமல் மாமியாரையே பார்த்தாள். மிஸ்திரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"சுமை மூணுலயும் ஒண்ணா ஏறிடுச்சு சார்!"